மூன்று வருஷத்து மண்

எங்கள் வீட்டு நிலத்தில் மரம் கிடையாது. கேணி ஓரத்தில் தானாக முளைத்த ஒரு வேம்பு நின்றது. அதை விட்டால் நிழலுக்கு ஒதுங்க இடமில்லை. விளாங்குடிக்கு மேற்கே, திண்டுக்கல் சாலையை விட்டு உள்ளே தள்ளி, மூன்று துண்டாகக் கிடந்தது அந்த நிலம். கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு எலுமிச்சங்கன்றாவது வைத்திருக்கலாமே என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"மூணு வருசத்துல கை மாறப்போற நெலத்துல எந்தக் கிறுக்கன் மரம் வப்பான்?" என்றார்.

அவர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். என் வீட்டுக்காரர் நடுவுள்ளவர். சொத்து பாகம் பிரிக்காதது, ஆனால் சாகுபடி தனித்தனி. ஒருவனுக்கே நல்ல துண்டு போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று என் மாமனார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, சித்திரை மாதம், கருப்பசாமி கோயிலில் சீட்டுப் போடுவார்கள். மூன்று ஓலை நறுக்கைச் செம்புக்குள் போட்டுக் குலுக்கி, பூசாரி கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார். யாருக்கு எந்தத் துண்டு வருகிறதோ, அடுத்த மூன்று வருஷம் அது அவருடையது. ஊரே மெச்சிய நியாயம் அது. அதனால் அண்ணன் தம்பிக்குள் ஒரு வாய்ச்சண்டைகூட வந்ததில்லை.

நிலத்தின் கதிதான் யார் கண்ணிலும் படவில்லை. மக்கிய குப்பை போட்டால் முதல் வருஷம் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாம் வருஷம் மண் இளகும். மூன்றாம் வருஷம்தான் செடியில் தெரியும். அதற்குள் சீட்டு வந்துவிடும். இன்னொருத்தன் பறித்துக்கொண்டு போக நான் ஏன் குப்பை சுமக்க வேண்டும் என்று மூன்று பேருமே நினைத்தார்கள். மதுரைக்குப் போய்ச் சீமை உரம் வாங்கி வருவார்கள். உப்புப் போல வெள்ளையாக இருக்கும். தூவிய பத்தாம் நாள் பயிர் கருகருவென்று பச்சை கட்டும். இருக்கிற மூன்று வருஷத்தில் கறக்கிற மட்டும் கறந்துவிட்டு அடுத்தவன் தலையில் தள்ளிவிடுவது; அவனும் அதையே செய்வான். சொந்த நிலத்தையே மூன்று பேரும் முறைவைத்துத் திருடிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பிள்ளை இல்லை. அதே வருஷக் கடைசியில் மாமனாரும் படுத்துவிட்டார். மூச்சு இழுக்கும்போது மற்ற இரண்டு மகன்களையும் கூப்பிட்டுத் தன் கையைத் தொடச் சொன்னார்.

"அவ இங்க இருக்குற வரைக்கும் அவ பங்கு அவளுக்கு. சீட்டுல அவளையும் சேத்துக்கிடணும்" என்றார்.

அன்று அவர் காலில் விழுந்து அழுதேன். பிள்ளையில்லாத விதவைக்கு இம்புட்டுச் செய்கிற மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 'இங்க இருக்குற வரைக்கும்' என்ற வார்த்தை உறைக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின.

என் அண்ணன் மதுரையில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். குடியிருப்பு காளவாசலில். மில்லில் நூல் சுற்றும் வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று சொல்லி என்னைக் கூட்டிப்போக வந்தார். போனால் நிலம் போய்விடும். மறுபடி இந்தப் படியேற முடியாது. போகாவிட்டால், இதே நாலு சுவர், இதே மாட்டுக்கொட்டம், இதே முகங்கள். விதவை என்று விதைக்கிற நாளில் என்னை முன்னால் வரவிட மாட்டார்கள். நாற்றுப் பிடுங்க மட்டும் கூப்பிடுவார்கள். கணவனின் அண்ணன், அதாவது என் மச்சாண்டார், என்னிடம் நேராகப் பேச மாட்டார். அவர் சொல்வதைத் தன் பெண்டாட்டியிடம் சொல்வார். நான் பதிலைச் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று பேரும் ஒரே கூடத்தில்தான் நிற்போம்.

"இப்ப வேணாம்ணே. நெலம் கைக்கு வந்திருக்கு, ஒரு கை பாத்துட்டு வாரேன்" என்று அண்ணனை அனுப்பிவிட்டேன்.

அந்தச் சித்திரைச் சீட்டில் கைக்கு வந்திருந்தது மேற்குத் துண்டு. மூன்றிலும் அதுதான் கேடு கெட்டது. மேலே உப்பு வெள்ளையாகப் பூத்து, மாடு கட்டி இறைக்கிற கமலைத் தண்ணீர் பாய்ந்தால் உள்ளே இறங்காமல் தளும்பி, மறுநாள் ஓடு ஓடாக வெடிக்கும். கத்தரி நட்டேன். செடி முழங்கால் உயரம் வருவதற்குள் கிழடு தட்டிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சர்க்கார் அனுப்பிய விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் சைக்கிளில் எங்கள் ஊருக்கு வந்து, குப்பையைக் குழி வெட்டி மக்கவைப்பது எப்படி என்று ஆண்களுக்கு விளக்கினாராம். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு அவர் கொடுத்த துண்டுக் காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள். மச்சாண்டார் அதில் புகையிலை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். புகையிலை தீர்ந்ததும் காகிதம் மாட்டுக்கொட்டத்துக்கு வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். சாணி அள்ளப் போனவள், புகையிலை நாற்றத்தோடு அதை எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தேன்.

வேம்பின் நிழலில் குழி வெட்டினேன். கூட வெட்டியவள் கூலிக்கு வருகிற ஒரு பெண். என் வயதுதான், நிலமில்லாத வீட்டுக்காரி. கத்தரிக்கட்டை, சோளத்தட்டை நறுக்கு, ஆவாரை, எருக்கு, உதிர்ந்த வேப்பிலை என்று ஒரு அடுக்கு. அதன்மேல் சாணிப்பால் தெளித்து, அடுப்புச் சாம்பலும் கொட்டத்தில் மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணும் ஒரு அடுக்கு. இப்படியே குழி நிறைகிறவரை. ஈரம் காயக் கூடாது, ஊறவும் கூடாது. பதினைந்தாம் நாள் புரட்ட வேண்டும், ஒரு மாதத்தில் மறுபடி, இரண்டு மாதத்தில் மறுபடி. முதல் தடவை புரட்டியபோது ஆவி பறந்தது. கையை உள்ளே விட்டு, சுட்டு, வெளியே இழுத்துக்கொண்டேன்.

சாணிக்காகத் தினம் சண்டை. மச்சாண்டார் பெண்டாட்டிக்கு வறட்டி தட்ட அது வேண்டும்.

"எரியிறத விட்டுட்டு மக்குறதுல போடுறியே, ஒனக்குக் கிறுக்கா?" என்பார்.

"எரிச்சா ஒரு நேரத்துச் சோறு, அக்கா. மக்கவச்சா மூணு வருசத்துச் சோறு" என்பேன். பாதிச் சாணியைப் பிடுங்கிக்கொண்டு போகாமல் அவர் விட்டதில்லை. மீதியை நான் விட்டதில்லை.

மூன்று மாதத்தில் சூடு அடங்கியது. போட்டது எதுவும் போட்ட மாதிரி இல்லை. கட்டையும் தட்டையும் சாணியும் தெரியவில்லை. கையில் அள்ளினால் உதிர்கிற கறுப்பு. நாற்றம் இல்லை. முதல் மழைக்குத் தரையிலிருந்து வருமே ஒரு வாசனை, அதுதான் வந்தது. கூலிக்கு வந்தவள் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தாள். நான் உடனே, "என்னத்தப் பண்ணி என்ன, மூணு வருசத்துல புடுங்கிக்குவாக" என்று புலம்பினேன்.

"ஒனக்காச்சும் மூணு வருசம் தாயி. எங்களுக்கு மூணு நாளைக்குச் சொந்தமா மண்ணு இல்ல" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் முன்னால் அதற்கப்புறம் நான் புலம்பவில்லை.

இரண்டாம் வருஷம் அண்ணன் மறுபடி வந்தார். நூல் சுற்றுகிற இடத்தில் ஒரு ஆள் குறைகிறது என்றார். அப்போது மேற்குத் துண்டு இளக ஆரம்பித்திருந்தது. மண்வெட்டி போட்டால் இறங்கியது. நாலு நாளைக்கு ஒரு தண்ணீர் கேட்ட நிலம் ஏழு நாள் தாங்கியது. கட்டியைப் புரட்டினால் மண்புழு நெளிந்தது. அதை விட்டு எப்படிப் போவது? அடுத்த வருஷம் விளைச்சலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். குப்பைக்கு இந்தக் குணம் உண்டு. இன்று போட்டவளை இரண்டு வருஷம் கட்டிப்போட்டுவிடும். சீமை உரம் போட்டவள் என்றால் பத்து நாளில் பார்த்துவிட்டு மில்லுக்குப் போயிருப்பாள்.

மூன்றாம் வருஷம் காய்த்ததைப் போல நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு கத்தரிச் செடியை மூன்று தரம் கவாத்து செய்தேன், மூன்று தரமும் தழைத்துக் காய்த்தது. மதுரைக்குப் போகிற வண்டியில் என் கூடைகள்தான் மேலே நின்றன. சித்திரையில் சீட்டுப் போட்டார்கள். மேற்குத் துண்டு மச்சாண்டாருக்குப் போனது. எனக்கு வந்தது கொழுந்தன் கறந்து முடித்த நடுத்துண்டு.

அன்று கொட்டத்தில் உட்கார்ந்து, இனி ஒரு கூடை குப்பை சுமந்தால் என் பெயர் என் பெயர் இல்லை என்று சபதம் போட்டேன். ஆறு மாதம் சபதத்தில் நின்றேன். நடுத்துண்டில் செடி துவண்டு நிற்பதை எத்தனை நாள் பார்ப்பது? ஏழாம் மாதம் குழியைத் திரும்ப வெட்டினேன். மண்மேல் எனக்கு ரோஷம் இல்லை. அது என்ன செய்யும், பாவம்.

அந்தத் துண்டு தேறியது, அதையும் மூன்றாம் வருஷம் மச்சாண்டாரே வாங்கிக்கொண்டார். அடுத்து எனக்குக் கேணித் துண்டு. அதுவும் தேறியது. நான் எங்கே போனேனோ அங்கே மண் கறுத்தது. நான் விட்ட இடத்தில் அவர்கள் வந்து இறங்கினார்கள். விதைக்கிற நாளில் எதிரே வரக் கூடாதவளுக்கு இப்போது 'கைராசிக்காரி' என்று பட்டம். மூன்றாம் தடவை அண்ணன் வந்தபோது நான் வாய் திறப்பதற்கு முன்பே மச்சாண்டார், தன் பெண்டாட்டியைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டார்.

"அந்தப் புள்ள போனா நெலத்த யாரு பாக்குறது? வேணும்னா ரெண்டு நாளு அண்ணன் வீட்டுல இருந்துட்டு வரட்டும்."

என்னைப் போ என்று சொல்லக் காத்திருந்தவர்கள், நான் மண்ணைத் திருத்தியதால் என்னை விடவில்லை. கெட்டிக்காரியாக இருந்து கெட்டேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் மில்லுக்குக் கூப்பிட அவர் வரவில்லை.

எனக்கு வந்த முதல் சீட்டிலிருந்து ஒன்பது வருஷம் கழித்து, சீட்டு சுற்றிச் சுற்றி மேற்குத் துண்டு மறுபடி எனக்கு வந்தது. பார்க்க ஓடினேன். வெள்ளை பூத்துக் கிடந்தது. மச்சாண்டார் மூன்று வருஷம், கொழுந்தன் மூன்று வருஷம். நான் சேர்த்து வைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு கூடை குப்பை திருப்பிப் போடவில்லை. ஒரு கட்டியை எடுத்தேன், கல்லாக இருந்தது. வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வீட்டுக்காரர் போனபோதுகூட அப்படி அழுததாக நினைவில்லை.

அதற்குள் உலகத்தில் சண்டை வந்துவிட்டது. மதுரைக் கடைகளில் சீமை உரம் இல்லை. மச்சாண்டாருக்குக் கை ஓடவில்லை. மிளகாய் நட்டு இருபது நாள் ஆகியிருந்தது, செடி வெளிறி நின்றது. என் குழி நிறைந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. நான் களை பறிக்கப் போயிருந்த நேரம் வண்டியைக் கட்டிவந்து பாதிக் குழியை அள்ளிக்கொண்டு போய்விட்டார். வந்து பார்த்ததும் எனக்கு உச்சிமண்டை காந்தியது.

"அக்கா, அது இன்னும் சூடு அடங்கல. செடிக்கிட்ட வச்சா வேரு வெந்துரும்னு சொல்லுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"குப்பைக்கு என்னத்தப் பதம் பாக்குறது? சோறா வடிக்கிறோம்?" என்று அவர் பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னார்.

எட்டு நாளில் மிளகாய் மஞ்சளாகித் தலை தொங்கியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பேறி இருந்தது. அரைகுறையாக மக்கிய தட்டையைத் தேடிக் கரையான் வேறு வந்துவிட்டது. ஒரு செடி மிஞ்சவில்லை. எனக்கு மனசுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? அந்த வாரம் முழுக்க நன்றாகச் சாப்பிட்டேன்.

பிறகு ஒருநாள் காலையில் கூடத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். மச்சாண்டார், அவர் பெண்டாட்டி, கொழுந்தன், நான்.

"அந்தப் புள்ளைக்கு இனிமே எதுக்குத் தனியா நெலம்?" என்று மச்சாண்டார் பெண்டாட்டியிடம் ஆரம்பித்தார். "ஒண்டியா எம்புட்டுத்தான் பாடுபடும்? அந்தப் பங்கையும் நாங்களே பாத்துக்கிடுறோம். மூணு துண்டுக்கும் குப்பைய மட்டும் அது பாத்துக்கிடட்டும். கஞ்சிக்கு ஒரு கொறையும் வராது."

கேட்கக் கருணை மாதிரி இருந்தது. துண்டு மாறினாலும் கெட்டாலும் என் காலடியில் ஏதோ ஒரு மண் இத்தனை வருஷம் இருந்தது. அதையும் உருவிக்கொண்டு, வாழ்நாள் முழுக்க அடுத்தவர்கள் நிலத்துக்குக் குழி வெட்டுகிறவளாக என்னை உட்கார்த்தப் பார்க்கிறார்கள். வெளியே போக வழி இல்லை, உள்ளேயும் இடம் இல்லை. சுவரைப் பார்த்தேன். சுவரிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மச்சான், நீங்களே கேளுங்க" என்றேன். அவர் பெண்டாட்டி வாயில் கை வைத்துக்கொண்டார். "மூணு துண்டுக்கும் குப்பை நான் போட்டுத் தாரேன். பதம் வந்தப்புறம் நான் சொல்லும்போதுதான் அள்ளணும். அதுக்கு ஒண்ணு கேக்குறேன். மேக்குத் துண்ட எனக்கு விட்ருங்க. இனிமே அதச் சீட்டுல சேக்கக் கூடாது. நான் சாகுற வரைக்கும்."

கொழுந்தன் சிரித்தார். "அந்த உப்பங்காட்டையா மதினி? கேக்குறதுதான் கேக்குறீக, நல்லதாக் கேக்கக் கூடாதா?"

"அது போதும்."

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கழித்துக்கட்ட வேண்டியதை நானே கேட்கிறேன், கசக்குமா? அன்றைக்கே கோயிலுக்குப் போய், சூடத்தை ஏற்றி, இரண்டு பேரும் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். ஏமாந்தது அவர்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில்தான் தோன்றியது: மாமனார் போட்ட 'இங்க இருக்குற வரைக்கும்' என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அன்றைக்கு அவர்கள் இருந்த சந்தோஷத்தில் அதையும் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

மேற்குத் துண்டில் அந்த வருஷமே எட்டு எலுமிச்சங்கன்று வைத்தேன். ஒவ்வொரு குழிக்கும் இரண்டு கூடை மக்கிய எரு. சுற்றிலும் சருகைப் பரப்பி வெயில் படாமல் காத்தேன். இடையில் கத்தரியும் வெண்டையும். மற்ற இரண்டு துண்டுக்கும் சொன்னபடி குப்பை போட்டேன், அதில் வஞ்சம் பண்ணவில்லை. மண் பழையபடி ஒவ்வொரு படியாக வந்தது. முதலில் வெள்ளை மறைந்தது, பிறகு தண்ணீர் இறங்கியது, பிறகு மண்புழு. மூன்றாம் வருஷம் எலுமிச்சை இடுப்பளவு வந்து, இரண்டு மரத்தில் பூ வைத்திருந்தது.

அந்தச் சித்திரையில் சீட்டு நாள் வந்தது. இப்போது செம்பில் இரண்டே ஓலைதான். நான் கோயிலுக்குப் போகவில்லை, என் நிலத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய நேரத்தில் மச்சாண்டார் தனியாக வரப்பில் வந்தார். கத்தரியைப் பார்த்தார். குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உதிர்த்தார். எலுமிச்சைக்குப் பக்கத்தில் போய்ப் பூவைத் தூக்கிப் பார்த்தார்.

"இதையும் செம்புல போட்டுருக்கலாம்" என்றார். என்னிடம் நேராகத்தான் சொன்னார். "கேணித் துண்டு எனக்கு வந்திருக்கு. நல்ல துண்டு. அத எடுத்துக்கிட்டு இத எனக்கு விட்டுரேன்."

"மாட்டேன்" என்றேன்.

அவர் எலுமிச்சையை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, வந்த வழியே போய்விட்டார். சத்தம் போடவில்லை, மிரட்டவும் இல்லை. அவர் மறைந்த பிறகுதான் மண்வெட்டியை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பது தெரிந்தது. இறக்கி வைக்கக் கை வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

அடுத்த சீட்டு நாளில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அண்ணனே நேரில் வந்து, சபையில் நிற்காவிட்டாலும் வீட்டுக்குள்ளாவது வந்து இரு ஆத்தா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். யாரும் என்னைத் தடுக்கவில்லை. போய்ட்டு வாங்க மதினி என்று கொழுந்தன்கூடச் சொன்னார். எலுமிச்சை எட்டும் காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன. காளவாசல் என்ன தூரமா, வண்டி கட்டினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை வரப்பைப் பார்த்துக்கொண்டு நிலத்தில் நின்றேன். யாரும் வரவில்லை.